முகப்புப் பக்கத்தில் பெரியம்மாவின் விரல்

ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தின் முகப்புப் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்து அறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. பெங்களூரு அடுகோடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் இதுதான் என் பிழைப்பு. முதல் நாள் பக்கத்தைத் திறந்தேன். மேலே நகைக்கடை விளம்பரம். அதை மூடப் போனால் இன்னொன்று. நடிகையின் முதுகு, ராசிபலன், அதற்குக் கீழே 'அடுத்து நடந்ததைப் பார்த்தால் ஆடிப்போவீர்கள்' என்று ஒரு தலைப்பு. செய்தி எங்கே என்று தேடித் தேடிக் கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். இதை வடிவமைத்த புண்ணியவானின் வீட்டுச் சமையலறையும் இந்த லட்சணத்தில்தான் இருக்கும் என்று திட்டிக்கொண்டேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. சாதாரண ஆட்கள் சிலரிடம் போனைக் கொடுத்து ஏதாவது ஒரு செய்தியைத் தேடச் சொல்வோம். விரல் எங்கே படுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை ஒரு மென்பொருள் பதிவு செய்யும். அதிக நேரம் நின்ற இடத்தைச் சிவப்பாகக் காட்டும். சிவப்பு என்றால் வாசகருக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் என் பெரியம்மாவிடமும் போனைக் கொடுத்தேன். கார்ப்பரேஷனில் தெருக் கூட்டும் வேலை அவருக்கு.

"நாளைக்குத் தண்ணி வருமான்னு இதுல தேடிப் பாருங்க பெரிம்மா" என்றேன்.

விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே போனவர் சட்டென்று நின்றார். லாரி மோதிச் செத்துப்போன துப்புரவுப் பெண்ணின் படம். ரோட்டில் கிடந்தபடியே எடுத்தது, முகத்தைக்கூட மறைக்கவில்லை. பெரியம்மாவோடு ஒரே தெருவில் துடைப்பம் பிடித்தவள். முந்தின நாள்தான் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்.

"இன்னாமா இது, சேலை வெலகிக் கெடக்குது."

கட்டைவிரலை அந்தக் கால்மேல் வைத்து மூடிக்கொண்டார். எடுக்கவேயில்லை.

"கால் தெரியுதும்மா. அவ புருசன் பாத்துடுவான், புள்ளைங்க பாக்கும். எடுக்கச் சொல்லுமா. நீ சொன்னா கேப்பாங்கல்ல?"

சொல்கிறேன் என்றேன். இந்தப் படத்தை இன்றே நீக்க வேண்டும் என்று அறிக்கையின் முதல் வரியாகவே எழுதினேன்.

தளத்துக்காரர்களும் வந்திருந்த கூட்டத்தில் எங்கள் மேலாளர் அந்த முகப்புப் பக்கத்தை விரல் பதிவோடு திரையில் போட்டார். பக்கம் முழுக்க வெளிறிக் கிடந்தது. அந்தப் படத்தின்மேல் மட்டும் ரத்தச் சிவப்பு.

"நீங்க எடுக்கச் சொல்றீங்க மேடம். டேட்டா வேற சொல்லுதே. இங்கதான் ரொம்ப நேரம் நிக்கிறாங்க."

"அது எங்க பெரியம்மா விரல் சார். அவங்க ரசிச்சுப் பார்க்கல, மூடினாங்க" என்றேன்.

மேலாளர், "அதெல்லாம் டூலுக்குத் தெரியாதுங்களே" என்று சிரித்தார். தளத்துக்காரர்களும் சிரித்தபடி குறித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் காலை பெரியம்மா போன் செய்தார். "எடுத்துட்டாங்களா கண்ணு?"

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். படம் நகைக்கடை விளம்பரத்துக்கும் மேலே ஏறியிருந்தது. முன்னைவிடப் பெரிது. இனி ஒரு கட்டைவிரலால் மூட முடியாது.