தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்த நாள்

எங்கள் தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று மதியம் அவர் மட்டன் பிரியாணி சாப்பிட்டார். மாமாதான் கடைவீதியிலிருந்து பொட்டலம் வாங்கி வந்து, "வெரசாச் சாப்பிட்டுட்டுப் படுத்துக்கங்கப்பா, பஸ்ஸு வர்ற நேரமாச்சு" என்று அவசரப்படுத்தினார். தாத்தா எலும்பைக்கூட நிதானமாகச் சப்ப முடியாமல் போனதில் கொஞ்சம் வருத்தப்பட்டார். எனக்கு அன்று பள்ளிக்கூடம் மட்டம். இதைவிட நல்ல நெஞ்சுவலி ஒரு பிள்ளைக்கு வாய்க்காது.

எட்டு வயதுதான் எனக்கு. திண்டுக்கல் நாகல் நகரில் தாத்தா வீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு லாரி ஆபீசில் வேலை. மாமனார் வீட்டு விஷயம் எதிலும் வாய் திறப்பதில்லை என்பதை அவர் ஒரு பெருமையாகவே வைத்திருந்தார். அம்மாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தங்கை. அண்ணன், அதாவது என் மாமா, டைல்ஸ் கடை வைத்திருந்தார். தங்கையான சித்தி சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தாள்.

சித்தி லீவுக்கு வந்தால் வீட்டின் சத்தமே மாறிவிடும். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவாள். வாய்விட்டுச் சிரிப்பாள். மாமா ஜாதகத்தை எடுத்தால், "இன்னும் ஒரு வருசம் விடுண்ணே" என்பாள். அந்த ஒரு வருடம் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு யார் மேலும் காதல் கிடையாது. அது இருந்திருந்தால்கூட மாமாவுக்குப் புரிந்திருக்கும், சண்டை போடவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பான். வேலை பிடித்திருக்கிறது என்கிற பெண்ணை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் கம்பெனி அவளை ஜெர்மனிக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்தது. சித்தி அதை முதலில் அம்மாவிடம்தான் ஃபோனில் சொன்னாள். அம்மா சந்தோஷத்தில் என்னைத் தூக்கிச் சுற்றினாள். பிறகு பகல் முழுக்க ஒரு வேலையும் ஓடாமல் அங்கும் இங்கும் நடந்தாள். சாயங்காலம் கீழே இறங்கிப் போய் மாமாவிடம் சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

"வெளிநாடு போயிட்டு வந்தவ நாம காட்டுறவனுக்குக் கழுத்த நீட்டுவாளா?" என்றார் மாமா.

நெய்க்காரப்பட்டியில் ஒரு வரன் ஏற்கெனவே பேச்சில் இருந்தது. தென்னந்தோப்பு, பட்டப்படிப்பு, ஒரே பையன். வெள்ளிக்கிழமை பூ வைக்க வரச் சொல்லிவிட்டார்கள். எல்லாம் தயார், பெண் மட்டும்தான் ஊரில் இல்லை. அதற்குத்தான் நெஞ்சுவலி.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக மாமா அம்மாவின் கையில் ஃபோனைக் கொடுத்தார். "நான் பேசுனா நம்ப மாட்டா. நீ பேசு. செத்த நேரம் அழுதாப் போதும்."

அம்மா பேசினாள். "அப்பாவுக்கு முடியலடி, ஒடனே வா" என்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. ஃபோனை வைத்த பிறகும் அழுகை நிற்கவில்லை. பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். "இவ சினிமாவுக்குப் போயிருக்கணும்" என்று மாமா சிரித்தார். எனக்கும் அம்மாவை நினைத்து ஒரே பெருமை.

மூன்று மணி வாக்கில் ஆட்டோ வந்து நின்றது. சித்தி ஓடி வந்தாள். காலை ஷிப்டுக்குக் கிளம்பிய கோலத்திலேயே பஸ் ஏறியிருக்கிறாள். அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. மாற்றுத் துணிகூட இல்லை. தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த டாக்டர் பாத்தாரு? ஈசிஜி எங்கண்ணே?" என்றாள். ஈசிஜி என்று ஒன்று வேண்டும் என்பது மாமாவுக்குத் தோன்றியிருக்கவில்லை. அவர் முழித்தார். கண்ணை மூடிப் படுத்திருந்த தாத்தா, மகள் பதறுவதைக் கேட்கப் பொறுக்காமல் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"சாப்டியா தாயி? மொதல்ல கையக் கழுவிட்டுச் சாப்பிடு."

சித்தி அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அழுதுகொண்டே அப்படி ஒரு சிரிப்பு. அப்பா செத்துவிடவில்லை என்ற சிரிப்பு அது. ஏமாற்றிவிட்டார்கள் என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உள்ளறைக் கட்டிலில் பட்டுச்சேலை விரித்திருந்தது. பக்கத்தில் மல்லிகைப்பூ ஈரத்துணிக்குள் இருந்தது. சித்தி அதைப் பார்த்தாள், பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீ அழுதியேக்கா."

அம்மா சீப்பை எடுத்து அவள் தலையைச் சிக்கெடுக்கத் தொடங்கினாள்.

சித்தி திமிறிக்கொண்டு வாசல் வரை போனாள். அவள் ஃபோனைச் சார்ஜ் போடுகிறேன் என்று மாமா எப்போதோ வாங்கிக்கொண்டு போயிருந்தார். தாத்தா கதவருகே வந்து நின்றார். மிரட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "பொய்தானேன்னு நீ போனா, நெசமாவே வந்துரும் தாயி."

சித்தி அங்கேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அம்மா அவளை எழுப்பி முகம் கழுவிவிட்டாள்.

வந்தவர்கள் மரியாதையானவர்கள். மாப்பிள்ளையின் அம்மா சித்தியின் கன்னத்தைத் தடவி, "வேலைக்குப் போறத நாங்க ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலைங்க. எல்லாம் பொண்ணு இஷ்டமுங்க" என்றார். "பாத்தியா?" என்று மாமா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எனக்குப் புதுப் பாவாடை, கேசரி. போதாததற்கு சித்தி இனிமேல் சென்னைக்குப் போகமாட்டாள், பஸ் ஏறினால் பார்த்துவிடலாம் என்றார்கள். அவள் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஜெர்மனிக்கு வேறு யாரோ போனார்கள்.

சித்தப்பா நல்லவர். அதைச் சொல்லியாக வேண்டும். குடி இல்லை, அடி இல்லை. முதல் வருடம், பிள்ளை பிறக்கட்டும் என்றார்கள். பிறகு பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும் என்றார்கள். பிறகு மாமியாருக்கு முழங்கால் போய்விட்டது. யாரும் ஒரு நாளும் வேலைக்குப் போகாதே என்று சொன்னதில்லை. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாத ஒரு வீட்டில் ஒரு பெண் எப்படித் தீர்ந்து போவாள் என்பதை நான் சித்தியிடம்தான் பார்த்தேன். இப்போது படியை ஒவ்வொன்றாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். எனக்குச் சென்னையில் வேலை கிடைத்துச் சொல்லிக்கொள்ளப் போனபோது, தேங்காய் துருவிக்கொண்டே, "ஆபீஸ்ல ஏசி ரொம்பக் குளிருமா இன்னும்?" என்று மட்டும் கேட்டாள். குளிரும் என்றேன். "ஸ்வெட்டர் வச்சுக்க" என்றாள்.

எனக்கும் இப்போது ஜாதகம் எடுத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து வேளைகெட்ட வேளையில் ஃபோன் வந்தால், அப்பாவை வீடியோவில் காட்டு என்கிறேன். அம்மா கோபித்துக்கொள்வதில்லை. காட்டுகிறாள்.

அம்மாவைப் பற்றி ஒன்று, எனக்கு மிகப் பிந்தித்தான் தெரிந்தது. மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தவளை, முடிக்க ஒரு வருடம் இருக்கையில், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்களாம். என் அப்பா வீட்டார் அன்று கூடத்தில் காத்திருந்தார்களாம். பாட்டிக்கு அன்று ஒன்றும் இல்லை.

சித்தியின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வளையல்காரம்மா வீட்டுக்கு வந்தார். சித்தியின் கையில் சோப்பைத் தடவி, விரல்களைக் கூட்டிப் பிடித்து, கண்ணாடி வளையலை ஏற்றினார். எலும்புமுட்டில் வந்து மாட்டியது. சித்தியின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அம்மா அவள் முதுகைத் தடவினாள்.

"செத்த நேரம் வலிக்கும். பெறகு பழகிரும்டி."

சித்தி நிமிர்ந்து, "ஒனக்குப் பழகிருச்சாக்கா?" என்று கேட்டாள்.

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். அவள் கை நிறைய வளையல் இருப்பது பார்த்தாலே தெரிகிறதே, சித்தி இதைப் போய்க் கேட்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்குப் பதிலாக நானே சொன்னேன்.

"அம்மாவுக்கு எப்பவோ பழகிருச்சு சித்தி. அது தூங்கும்போதுகூடக் கழட்டாது."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சித்தி அடுத்த கையை நீட்டினாள்.