முப்பதா, நாற்பதா

நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு ஏரோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட என்று நடவுக்கு இடைவெளி சொன்ன சனத்தில்தான் கலைமதியும் பிறந்தாள். ஆனால் திருக்கோகர்ணத்து மாடி ஆபீஸில் அவள் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டருக்கு நண்டும் தெரியாது, தேரும் தெரியாது. சென்டிமீட்டர் சொன்னால் போதும். பாத்தியின் பரப்பை அதுவே அளந்து, இத்தனை செடி என்று பட்டியலில் போட்டுவிடும்.

வளைகுடாவில் தோட்டம் போடும் ஒரு கம்பெனிக்கு இங்கிருந்து வரைபடம் போகிறது. செடிப் பட்டியல் அவள் பொறுப்பு. எட்டு வருசத்தில் லட்சக்கணக்கில் செடி வைத்திருக்கிறாள். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை.

போன ஆனியில் ஆத்தா செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடித்து வந்து உட்கார்ந்தவள்தான். அன்றிலிருந்து கை வேலை பார்க்கும், மனசு எங்கேயும் இருக்காது. சோறு உப்பில்லாமல் இருந்தாலும் சாப்பிட்டுவிடுவாள்.

அப்பா முன்பே போய்விட்டார். பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது தம்பி அரவிந்த்குமார் ஒருவன். ஆபீஸ் முதலாளி ஜஸ்டினிடம் சொல்லி அதே கம்பெனியில் அவனை நடவு வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான். ஆத்தா சாவுக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் தை இருபதாம் தேதி விராலிமலையில் மகளுக்குக் காது குத்தும்போது, தாய்மாமன் மடி என்றால் அவன் மடிதான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சைட்டில் நடவு முடிந்ததும் டிக்கெட் தருவதாகக் கம்பெனியும் சொல்லியிருந்தது.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள், மூன்று மணி டீ வந்த நேரத்தில் அவன் போன் பண்ணினான்.

"அக்கா, நான் வர முடியாதுக்கா."

"என்னடா சொல்ற?"

"நாப்பது சென்டிக்குக் கயிறு கட்டி, பன்னெண்டு நாள்ல முடிஞ்சுரும்னு இருந்தோம். இப்ப வந்த பைனல் டிராயிங்ல முப்பதுன்னு போட்டு அனுப்பியிருக்கானுக. இருபத்தொரு நாளாவது ஆகும். காதுகுத்து போயிரும்."

"என்ன செடி?"

"ஊதாப் பூ. ரூயெல்லியாங்கிறானுக. கடலோரத்துல பி ப்ளாக்."

கலைமதி பழைய கோப்பைத் திறந்தாள். பி ப்ளாக், ஆயிரத்து எண்ணூறு சதுர மீட்டர். முப்பதிலிருந்து நாற்பது வரை எது வேண்டுமானாலும் போடலாம் என்று குறிப்பில் தெளிவாக இருந்தது. நாற்பது என்றால் பதினோராயிரத்து இருநூற்றைம்பது செடி. பட்டியலில் இருந்தது இருபதாயிரம். தயாரித்தவர் என்ற கட்டத்தில் அவள் பெயர்.

முப்பது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. "ரெண்டு நம்பர் இருந்தாச் சின்னதப் போடுங்க. செடி கூடுனா ஒருத்தனும் கேக்கமாட்டான், கொறைஞ்சாத்தான் திட்டு வாங்கணும்" என்று ஜஸ்டின் எப்போதோ சொன்ன ஆபீஸ் பழக்கம் அது. நான்கு பேர் குனிந்து தோண்டுவார்கள் என்ற நினைப்பே அந்தப் பழக்கத்தில் கிடையாது. அவள் கை போட்டது, அவள் அனுப்பினாள்.

செடி இறங்கிவிட்டதா என்று கேட்டாள். இருபதாயிரமும் லாரியில் வந்து இறங்கி, நிழல்வலைக்கடியில் அடுக்கியாயிற்று என்றான். இனி மாற்ற ஒன்றும் இல்லை.

"எவன் போட்டானோ, ஏசி ரூம்ல ஒக்காந்துக்கிட்டு" என்றான்.

சும்மா இருந்திருக்கலாம். யார் போட்டது என்று ஊரில் யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை.

"நான்தாண்டா போட்டேன்."

"நீயா?"

"ஆமாடா. எந்த சைட்டுன்னு பாக்கல. நாப்பதே போட்டிருக்கலாம்."

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவன் திட்டவில்லை.

"அத அடிக்க ஒனக்கு எவ்வளவு நேரம்க்கா ஆகும்?"

"ஒரு நிமிசம்கூட ஆகாதுடா."

"ம். பெரியப்பா மகன் நாகராஜன் அண்ணன் இருக்காருல்ல, அவரு மடியில பிள்ளைய ஒக்கார வச்சுரு. சூப்பர்வைசர் கூப்பிடுறான், வக்கிறேன்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. தம்பி வராததைவிட அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.