இனிமேல் எழுத மாட்டேன் என்று எழுதியவர்

எங்கள் அலுவலகத்தில் அவரை "நாலுவரி அக்கா" என்றுதான் கூப்பிடுவோம். முகம் தெரியாத ஒருவருக்கு எழுதும் முதல் கடிதம் நாலு வரியைத் தாண்டக் கூடாது என்பது அவர் சட்டம். யாராவது ஐந்தாவது வரியைச் சேர்த்தால், "அவரு என்ன உன் மாமன் மகனா, உக்காந்து கதை கேக்க?" என்பார்.

குளிரறைக் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையை நாங்கள் செய்து விற்கிறோம். மீன் கிடங்கு, பூக் கிடங்கு, மருந்துக் கிடங்கு எல்லாவற்றுக்கும் அது வேண்டும். பட்டை தேய்ந்தால் குளிர் கசியும். கசிவது கண்ணுக்குத் தெரியாது என்பதால் யாரும் தாமாக வந்து கேட்பதில்லை. நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும். அதுதான் அக்காவின் வேலை.

பதினாறு வருடம் நேரில் போய்ச் சொன்னார். மாதிரிப் பட்டைகள் நிறைந்த பையோடு வரவேற்பறைகளில் காத்துக் கிடந்தார். உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்ல வைத்தவர்களையும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டவர்களையும் அவர் இன்றுவரை மறக்கவில்லை. முழங்கால் அறுவைக்குப் பிறகு மேசைக்கு வந்துவிட்டார். தொழில் தொடர்புகளுக்கென்றே இருக்கும் இணையதளத்தில், சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு ஒரு கணக்கு தொடங்கினார். படத்தில் சிரிக்க மாட்டார். "சிரிச்சா ஏதோ விக்க வந்த மாதிரி இருக்கும்" என்பார். விற்கத்தானே வந்திருக்கிறோம் என்று கேட்டால், "அத முதல் வரியிலயே சொல்லிடறேனே, அப்புறம் எதுக்குச் சிரிப்பு?" என்று பதில் வரும்.

முதல் வரியில் தான் யார், எதை விற்க வந்திருக்கிறேன் என்பது இருக்கும். இரண்டாம் வரியில், ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்பது. அதற்காக அந்த நிறுவனத்தைப் பற்றி அரை மணி நேரம் படிப்பார். மூன்றாவது வரி ஒரு சோதனை: கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தாள் வழுக்கி வந்தால் பட்டை போய்விட்டது, வராவிட்டால் உங்களுக்கு நான் தேவையில்லை. அவர் தமிழில் எழுதுவதை ஆங்கிலமாக்கித் தருவது நான்; நான்காவது வரியை மட்டும் இருநூறு தடவையாவது மாற்றித் தந்திருப்பேன்: "பதில் போட வேண்டிய கட்டாயம் இல்லை, பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுவேன், அதன் பிறகு எழுத மாட்டேன்."

சொன்னபடி எழுத மாட்டார். பதில் தராதவர்களின் பெயர்கள் அலுவலகக் கணினியில் ஒரு பட்டியலில் சேரும். மேலே "இவர்களுக்கு இனி எழுதுவதில்லை" என்று தலைப்பு. ஆறு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். அந்தப் பட்டியலிலிருந்தே வருடத்துக்கு ஏழெட்டுப் பேர் தாமாகத் திரும்பி வருவார்கள். பட்டை தேயும் அன்று, தொல்லை தராதவரின் பெயர்தான் அவர்களுக்கு நினைவு வருமாம்.

இந்த வருடம் விற்பனைக்குப் புது மேலாளர் வந்தார். வாயைத் திறந்தால் "வேகம்". ஒரு நாளில் இருநூறு பேருக்குத் தானாகவே கடிதம் அனுப்பும் மென்பொருளையும் கொண்டுவந்தார். கடிதத்தின் தொடக்கமும் தயாராக இருந்தது: "போன வாரம் நாம் பேசியதைத் தொடர்ந்து..."

அக்கா அதை இரண்டு முறை படித்தார். "போன வாரம் நான் இவங்ககிட்ட பேசலையே, சார்."

"அது ஒரு ஸ்டைல், மேடம். யாரு பேசினாங்கன்னு யோசிச்சிட்டே உள்ள படிப்பாங்க."

"அப்போ வாசல்லயே பொய் சொல்லி உள்ள போறோம்."

"எல்லாரும் பண்றாங்க."

"எல்லாரும் பண்றதாலதான் சார் யாரும் கதவத் திறக்கறதில்ல."

மேலாளர் சிரித்தார். "இந்த நானூத்திச் சொச்சம் பேர சும்மா விட்டு வெச்சிருக்கீங்களே மேடம், இது தங்கச் சுரங்கம்."

"அது வாக்கு குடுத்த இடம். தோண்டாதீங்க."

அடுத்த வாரம் முழங்கால் பரிசோதனைக்காக அக்கா இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். மூன்றாம் நாள் காலை வந்து, பையை வைத்து, கணினியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் நாற்காலி இருந்தது, உட்காரவில்லை.

அவருடைய கணக்கின் கடவுச்சொல்லை அலுவலகக் கணினி நினைவில் வைத்திருந்தது. அதைக் கொண்டு மேலாளர் பட்டியல் மொத்தத்துக்கும் கடிதம் அனுப்பியிருந்தார். "போன வாரம் பேசினோமே, மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டு, கடைசியில் ஒரு கண்சிமிட்டும் முகம். கீழே அக்காவின் பெயர், பக்கத்தில் அவருடைய சிரிக்காத படம்.

இருபத்தொரு பேர் பதில் எழுதியிருந்தார்கள். பத்தொன்பது பேர் திட்டியிருந்தார்கள். ஒரு மீன் கிடங்கின் மேற்பார்வையாளர் எழுதியதை அக்கா எனக்கு வாசித்துக் காட்டினார்: "இனிமேல் எழுத மாட்டேன் என்று சொல்லி, சொன்னபடி இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதற்காகவே உங்கள் எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். இன்று அழித்துவிட்டேன்."

மேலாளர் கையில் தேநீர்க் கோப்பையோடு வந்தார். "மேடம், ரெண்டு பேர் நேர்ல வரச் சொல்லிட்டாங்க! நான் சொன்னேன்ல?"

"என் பேர்ல எழுத உங்களுக்கு யாரு சார் சொன்னது?"

"கம்பெனி வேலைதானே மேடம்."

"வேலை கம்பெனியோடது. பேரு எங்கப்பா வெச்சது."

மேலாளர் கண்ணெதிரிலேயே அக்கா கடவுச்சொல்லை மாற்றினார். மேலாளர் எட்டிப் பார்க்க, ஒரு கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு மறு கையின் ஒற்றை விரலால், அவசரமே இல்லாமல் தட்டினார்.

நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதலாம், நான் உதவுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "எழுத மாட்டேன்னு நான் வாக்கு குடுத்தவங்களுக்கு, எழுதினதுக்கு மன்னிப்புக் கேட்டு இன்னொரு தடவை எழுதறதா? நல்லா இருக்கே உன் நியாயம்." எனக்கு வெட்கமாகிவிட்டது.

பதில் எழுதியவர்களுக்குப் பதில் தரலாம், அதில் தவறில்லை. இருபத்தொரு பேருக்கும் தனித்தனியாக உண்மையைச் சொன்னார். வரச் சொன்ன இருவருக்கும்கூட: "போன வாரம் நாம் பேசவே இல்லை. இதைத் தெரிந்த பிறகும் வரச் சொன்னால் வருகிறேன்." ஒருவர் வாருங்கள் என்றார். இன்னொருவரிடமிருந்து பேச்சே இல்லை.

மற்றவர்களுக்காக அந்த இணையதளத்தில் தன் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வைத்தார். வந்து பார்க்கிறவர் பார்க்கட்டும், யார் கதவையும் அது தட்டாது. வழக்கம்போல் நான்தான் ஆங்கிலத்தில் மாற்றித் தந்தேன். அதில் இப்படி இருந்தது: "இனி எழுத மாட்டேன் என்று நான் வாக்களித்த நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு, நான் இல்லாதபோது என் பெயரில், நான் வேலை செய்யும் நிறுவனத்திலிருந்து கடிதம் போயிருக்கிறது. அதில் சொன்னது பொய். மன்னிப்புக் கேட்டுக்கூட உங்களுக்கு எழுதப்போவதில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்." நிறுவனத்தின் பெயரையும் முழுதாகப் போட்டிருந்தார்.

மதியத்துக்குள் முதலாளி கூப்பிட்டார். ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க என்னையும் வரச் சொன்னதால், நடந்ததை நேரில் பார்த்தேன். சுவரோரம் மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அத எடுத்துடுங்கம்மா" என்றார் முதலாளி.

"எடுக்க மாட்டேன், சார்."

"சரி, கம்பெனி பேர மட்டும் எடுங்க. மத்தது இருக்கட்டும்."

"பேர எடுத்தா, எவனோ திருடன் கணக்குக்குள்ள பூந்துட்டான்னு நெனைப்பாங்க. அப்ப அதுவும் பொய்யாயிடும்."

"இவர் புதுசு. தெரியாம பண்ணிட்டாரு."

"தோண்டாதீங்கன்னு சொன்னேன் சார். தமிழ்லதான் சொன்னேன்."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கெட்டவர் இல்லை; சத்தம் பிடிக்காதவர். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலத்துக்குள்ள எடுக்கலைன்னா திங்கக்கிழமை நீங்க வர வேண்டாம்."

"வேலைய விட்டு எடுக்கறீங்கன்னா எழுத்துல குடுங்க சார். என்ன காரணம்னும் எழுதிக் குடுங்க. வாங்கிட்டுப் போறேன்."

முதலாளி கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கீழ்த்தளத்தில் பட்டை வார்க்கும் இயந்திரம் ரப்பரை அழுத்தி விடும் சத்தம் தரை வழியாக வந்தது.

மேசைக்கு வந்ததும் கணவருக்குப் போன் போட்டார். அவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். கை வேலையாக இருக்கும்போது போனை ஒலிபெருக்கியில் வைத்துப் பேசுவது அக்காவின் பழக்கம். "லிஃப்ட் குழிக்குள்ள இருக்கேன், சுருக்கமா சொல்லு" என்றது குரல்.

"வேலை போனாலும் போகும்."

"எப்ப?"

"திங்கக்கிழமை."

"பயமா இருக்கா?"

"கோவமா இருக்கு."

"அப்ப சரி. கோவம் இருக்கறவரைக்கும் நீ ஒழுங்கா சாப்பிடுவ" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

மாலை ஐந்து மணி ஆனது, ஆறு ஆனது. அறிவிப்பு அப்படியே இருந்தது. முதலாளியின் அறையிலிருந்து எந்தக் காகிதமும் வரவில்லை. எழுத உட்கார்ந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். உண்மையைச் சொன்னதற்காக வேலையிலிருந்து நீக்குகிறோம் என்று எந்த முதலாளி கையெழுத்துப் போடுவார்? வேறு காரணம் சொல்லலாமென்றால், இருபத்திரண்டு வருட வருகைப் பதிவேடு குறுக்கே நிற்கிறது.

திங்கட்கிழமை அக்கா வழக்கமான நேரத்துக்கு வந்தார். மேசை இருந்தது, நாற்காலி இல்லை. யார் எடுக்கச் சொன்னது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. அவரால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது என்பது அலுவலகம் முழுக்கத் தெரியும். நான் என் நாற்காலியை விட்டு எழுந்தேன். "நீ உக்காரு. உன் முழங்காலா போச்சு?" என்றார்.

நேராக மேலாளர் அறைக்குப் போனார். கதவைத் தட்டினார், உள்ளே வரலாமா என்றும் கேட்டார். அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை. வருகிறவர்கள் உட்காரப் போட்டிருந்த இரும்பு நாற்காலியின் முதுகைப் பிடித்தார்.

"மேடம், அது விசிட்டர் சேர்."

"தெரியும் சார். இந்த ஆபீஸ்ல நான் விசிட்டரா இல்லையான்னு எழுத்துல வரட்டும், அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கும்."

தூக்க முடியாததால் இழுத்துக்கொண்டு வந்தார். ஓடு பதித்த நடைவழி நெடுக இரும்புக் கால்கள் கிறீச்சிட்டன. கணக்குப் பிரிவில் தலைகள் நிமிர்ந்தன. முதலாளியே கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"என்ன சத்தம்?"

"நாற்காலி, சார்."

அவர் நாற்காலியைப் பார்த்தார், மேலாளரின் திறந்த கதவைப் பார்த்தார். "அந்த அறிவிப்பு இன்னும் இருக்கா?"

"இருக்கு சார். இருக்கும்."

முதலாளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா மீதி நடைவழியையும் அதே சத்தத்தோடு கடந்து வந்து, நாற்காலியை மேசைக்கு நேராகத் திருப்பி, காலை நீட்டி உட்கார்ந்தார்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. காகிதம் இன்னும் வரவில்லை. மேலாளரைப் பார்க்க வருகிறவர்கள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறார்கள்.