அன்பாக வைத்த முட்டை

ஒரு லெந்துக் காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், நான் என் பக்கத்து வீட்டுக்காரியை நேசிக்கத் தொடங்கினேன். அந்த நேசம் தாங்காமல் அவள் வீட்டையே காலி செய்யப் பார்த்தாள். தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் நாங்கள் லைன் வீட்டில் குடியிருந்தபோது நடந்தது இது.

லைன் வீடு என்றால் ஒரே கூரை, ஒரே கிணறு, ஒரே துவைகல், நடுவில் ஒரு ஒற்றைச் செங்கல் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள். என் வீட்டுக்காரர் ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே மிளகாயும் மல்லியும் எடை போடுகிறவர். அந்தப் பக்கம் அவளும் அவள் புருஷனும். அவன் விழிஞ்ஞம் மீன் துறைமுகத்துக்கு ஐஸ் கொண்டுபோகும் வண்டி ஓட்டினான். சேவல் கூவும் முன்பே போய்விடுவான். அவள் வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. இரண்டு வீட்டுக்கும் ஒரே தமிழ்ச் சபை. போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒரே பெஞ்சு.

சண்டை துவைகல்லில் தொடங்கியது. யார் முதலில் துவைப்பது என்பதில் ஆரம்பித்து, யார் வீட்டு மீன்குழம்பு நாறுகிறது என்பதுவரை வளர்ந்தது. அவள் என்னைவிடச் சின்னவள். எவ்வளவு கோபத்திலும் அக்கா என்ற மரியாதையை மட்டும் விடமாட்டாள். “எக்கா, உங்க நாக்குல புழு விழும்” என்பாள். நானும் சளைத்தவள் இல்லை.

ஆராதனையில் சமாதானம் கைமாறும் ஒரு நேரம் உண்டு. போதகர் முன்பெஞ்சுக்காரர்களின் கையைப் பற்றிச் சமாதானம் சொல்ல, அது கைக்குக் கை மாறிக் கடைசிப் பெஞ்சுவரை போகும். எங்கள் பெஞ்சில் எனக்கு அடுத்தவள் அவள். சமாதானம் என் கைக்கு வந்ததும் எனக்கு இருமல் வரும், அல்லது பாட்டுப் புத்தகம் கீழே விழும். எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்த பாவப்பட்ட ஜனங்கள் பல மாதம் சமாதானம் இல்லாமலேதான் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வருஷம் புதிதாக வந்திருந்த போதகர் லெந்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

“வருஷா வருஷம் மீனை விடுறீங்க. அதனால மீனுக்கு நன்மை உண்டு. மனுஷனுக்கு என்ன நன்மை? இந்தத் தடவை, கண்ணால கண்டாலே ஆகாத ஒருத்தரை எடுத்துக்கோங்க. ஈஸ்டர் வரைக்கும் தினமும் அவங்களுக்கு ஒரு நன்மை செய்யுங்க. செஞ்சது நீங்கன்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அது அன்பு இல்ல, விளம்பரம்.”

சபை முழுக்கத் தலையைக் குனிந்து யோசித்தது. எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைத் தேர்ந்தெடுத்துவிடுவாளோ என்றும் ஒரு பயம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அவள் தன் மாமியாரைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

போதகர் சொன்னார் என்பதற்காக மீனும் முட்டையும் தின்ன எனக்கு மனசு வரவில்லை. வழக்கமான நோன்பு, புது நோன்பு இரண்டையும் இருப்பதாக முடிவு செய்தேன். பரலோகத்தில் இருப்பு கொஞ்சம் கூடுதலாகக் கிடந்தால் யாருக்கு நஷ்டம்?

விடியுமுன் எழுந்து அவள் பக்கத்து முற்றத்தையும் சேர்த்துப் பெருக்கினேன். தன் புருஷன்தான் பெருக்கினான் என்று அவள் மகிழ்ந்து போனது ராத்திரி சுவர் வழியாகக் கேட்டது. அந்தப் பயலும் மறுக்கவில்லை. கிணற்றடியில் அவள் வாளியில் தண்ணீர் இறைத்து வைத்தேன். மழை வந்தபோது அவள் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து, கூரை ஓரத்து இறவாணத்தில் நனையாமல் போட்டேன். நேசிப்பதுகூட எப்படியோ முடிந்துவிடுகிறது. பிடிபடாமல் நேசிப்பதுதான் பெரும்பாடு.

ஒரு காலையில் சுவருக்கு அப்பால் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. மறுநாளும் கேட்டது. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லாதவள் அவள். சபைப் பெண்கள் அவள் வயிற்றைப் பார்த்துத்தான் ஸ்தோத்திரம் என்று வணக்கமே சொல்வார்கள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவள் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுக்காகச் சந்தோஷப்பட்டதில் என்மேல் எனக்கே எரிச்சலாகவும் இருந்தது.

அன்றிலிருந்து என் நன்மையை மாற்றினேன். ஓங்கரிப்புக்கு எலுமிச்சை நல்லது. கொல்லையில் மரம் நின்றது. உடம்புக்கு முட்டை நல்லது. என் கோழிகள் நோன்பு இருக்கவில்லை. ஒரு முட்டையும் ஒரு எலுமிச்சம்பழமும் வாழையிலைத் துண்டில் பொதிந்து, என் வீட்டுக்காரர் கடையிலிருந்து கொண்டுவரும் சிவப்பு நூலால் கட்டி, விடியும் நேரம் அவள் வாசற்படியில் வைத்துவிட்டு வருவேன். எது புது முட்டை, எது பழையது என்று தெரிவதற்காக முட்டையில் கரியால் கோடு கிழித்து வைப்பது என் வழக்கம். அந்தக் கோடும் அதில் இருக்கும்.

கேரளத்தை அறிந்தவர்கள் இந்நேரம் சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே ஒருவனைக் கெடுக்க நினைக்கிறவன் மந்திரவாதியிடம் போய், முட்டையிலோ எலுமிச்சையிலோ ஏதாவது எழுதி வாங்கி, நூல் சுற்றி, ஆள் பார்க்காத நேரத்தில் அவன் வாசலில் வைப்பான். கூடோத்திரம் என்று பேர். நான் இலை, நூல், கரி உட்பட ஒன்றும் குறைவில்லாமல் வைத்திருந்தேன். அத்தனை வருஷம் அந்த ஊரில் இருந்தும் எனக்கு அது உறைக்கவே இல்லை. என் மனசில் அவ்வளவு நல்லெண்ணம் நிரம்பி, புத்திக்கு இடமில்லாமல் போயிருந்தது.

வைத்த பொட்டலம் தினமும் காணாமல் போனது. நன்றாகத் தின்னட்டும் என்று உள்ளுக்குள் பூரித்தேன். துவைகல்லிலும் அவள் சண்டைக்கு வரவில்லை. என்னைக் கண்டால் ஒதுங்கி இடம் விட்டாள். அன்பு வேலை செய்கிறது என்று நினைத்தேன். அவள் முகம் வாடிக்கொண்டு வந்ததை மசக்கை என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு மாலையில் அவள் என் வாசலில் வந்து நின்றாள். அப்படி வந்து நின்றதே அதிசயம்.

“எக்கா, இன்னைக்கு என் வீட்டுல ஜெபம். நீங்களும் வரணும்.”

“என்னட்டீ விசேஷம்?”

“ஆரோ எனக்குக் கூடோத்திரம் வைக்கினும் எக்கா. தெனமும் முட்டையும் நாரங்காயும், செவப்பு நூலு கெட்டி. முட்டையில கரியில என்னவோ எழுத்து. நான் கையால தொடல்ல. செரட்டையில தள்ளி ஓடையில கொண்டு களையுகேன்.”

அவளுக்குத் தெரியக் கூடாது என்ற விதிக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பயந்துவிட்டேன் என்பதுதான் சரி.

ஜெபத்துக்குச் சபைப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். போதகர் மெதுவாக, பொதுவாக ஜெபித்தார். அது அவளுக்குப் போதவில்லை. தானே முழங்காலில் நின்று அழுதாள். “ஆண்டவரே, இதச் செஞ்ச கை வாடிப் போவட்டும்!” எல்லாரும் ஆமென் என்றார்கள். நான் மட்டும் பேசாமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று நானும் உரக்க ஆமென் சொன்னேன். சொல்லிவிட்டு வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

எல்லாரும் போன பிறகு அவள் என்னிடம் சொன்னாள், “நான் அம்மகிட்ட போறேன் எக்கா. சனிக்கிழம பஸ். அவரு விழிஞ்ஞத்துல வேற வீடு பாக்காரு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஒண்ணும் எறங்க மாட்டேங்குது. கெணத்துலயும் என்னமும் போட்டிருப்பினுமோன்னு, தண்ணி குடிக்கக்கூட பயமாட்டு இரிக்கு.” சொல்லும்போது சேலைக்கு அடியில் கை வயிற்றில் இருந்தது. வித்துராவைத் தாண்டி அந்த மலைப்பாதையில் பஸ் எப்படிக் குலுக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துத் தும்மினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீ பழையபடி சண்டையைப் போடு. அவ பயம் தெளிஞ்சிரும்” என்றார்.

அதையும் செய்து பார்த்தேன். மறுநாள் துவைகல்லில் அவள் நிற்கும்போது போய், “இது ஒன் அப்பன் வீட்டுக் கல்லாட்டீ?” என்று கேட்டேன். பழைய ஆளாக இருந்தால் என் ஏழு தலைமுறையையும் அந்தக் கல்லில் அடித்துத் துவைத்திருப்பாள். “நீங்களே தொவைச்சுக்கோங்க எக்கா” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். என்னால் தாங்க முடியவில்லை. அவள் போனால் போகட்டும் என்று எத்தனை நாள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்! இப்போது என் அன்பே அவளை அனுப்பிவைக்கிறது.

பாவத்தை அறிக்கையிட எத்தனையோ தடவை முழங்கால் போட்டிருக்கிறேன், தயங்கியதில்லை. செய்த நன்மையை அறிக்கையிடப் போன அந்தக் காலையில் அவள் வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். புருஷன் போன பிறகு அவள் கதவைத் தட்டினேன். திறந்தாள். உள்ளே சுவரோரம் கட்டி வைத்த பை கிடந்தது. என் உள்ளங்கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்ததும் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“அத எதுக்கு எடுத்தீங்க எக்கா? களைங்க! தொடாண்டாம்!”

“எடுக்கல்ல. நான் கெட்டுனது. தெனமும் வச்சது நான்தான்.”

அவள் வாய் திறந்தபடி நின்றது. நான் மூச்சுவிடாமல் சொன்னேன். “கூடோத்திரம் இல்லட்டீ. என் கோழி இட்ட முட்ட. கரி போட்டது புதுசு எது, பழசு எதுன்னு தெரியதுக்கு. நூலு கடையில உள்ளது. நாரங்கா ஓங்கரிப்புக்கு.”

“என்னத்துக்கு வச்சீங்க?”

“அன்புல.”

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“எக்கா, கூடோத்திரம் வச்சேன்னு சொல்லுங்க, நம்புகேன். இதச் சொல்லாதீங்க.”

வேறு வழியில்லாமல், போதகர் சொன்னதையும் நான் தேர்ந்தெடுத்ததையும் சொன்னேன். பயந்து வெளுத்திருந்த முகத்தில் மெல்லக் கோபம் ஏறியது. பழைய ஆள் திரும்பி வருவதைக் கண்டு எனக்கு அப்பாடா என்றிருந்தது.

“அப்பம் இந்தச் சபை முழுக்கத் தேடி, கண்டா ஆகாதவ நான்தான் கெடச்சேனா?”

“தேடவே இல்லட்டீ.”

“நெசம்னா நீங்க குடிச்சுக் காட்டுங்க. இப்பமே. பச்சையாட்டு.”

லெந்து முடிய இன்னும் நாள் கிடந்தது. அவளுக்குத் தெரியக் கூடாது என்ற நோன்பு சற்று முன்புதான் போயிருந்தது. முட்டை நோன்பு ஒன்றுதான் மிச்சம். முட்டையை அவள் வாசற்படியிலேயே தட்டி உடைத்து அண்ணாந்து வாயில் ஊற்றினேன். எலுமிச்சையையும் கடித்துச் சப்பினேன். பரலோகத்து இருப்பு மொத்தமும் அந்த ஒரு விழுங்கில் தீர்ந்தது. அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செத்து விழவில்லை என்று உறுதியானதும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“எக்கா, எனக்கு இப்பம்…” என்று தொடங்கினாள்.

“தெரியும்.”

“எப்பிடி?”

சுவரைக் காட்டினேன். அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“தெரிஞ்சிட்டும் ஒரு வார்த்த கேக்கல்லியே எக்கா. முட்ட வைக்கதுக்குப் பதிலா, ஒனக்கு எப்பிடிட்டீ இரிக்குன்னு வாசல்ல நின்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. இந்த ஊருல எனக்கு ஆரு இரிக்கா?”

ரகசியமாக நன்மை செய் என்று போதகர் சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அவளோடு ஒரு சொல் பேசாமலே அவளை நேசித்து முடித்துவிடலாம் என்று பார்த்திருக்கிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“ஒனக்கு எப்பிடிட்டீ இரிக்கு?”

மூக்கை உறிஞ்சினாள். “ஓங்கரிப்பாட்டு இரிக்கு. நீங்க அந்தப் பச்ச முட்டையக் குடிச்சதக் கண்டதுல இன்னும் கூடிப்போச்சு.” சொல்லி வாய் மூடுமுன் கொல்லைப்புறம் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடி அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் ஒரு கூடை முட்டையும் எலுமிச்சையும் பட்டப்பகலில் தெரு பார்க்கக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். தின்பாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பை அப்போதும் சுவரோரம் கட்டியபடியே கிடந்தது.

மறுநாள் விடியற்காலையில் முற்றம் பெருக்கக் கதவைத் திறந்தேன். என் வாசற்படியில் வாழையிலைப் பொட்டலம், சிவப்பு நூல். பிரித்தேன். என் கோழியின் முட்டைதான். அதில் கரியால் உருண்டைக் கண், கோரைப்பல், ஒரு பெரிய மீசை. எல்லாம் தெரிந்த நானே “ஐயோ!” என்று அலறி, துடைப்பத்தை எறிந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏச்சும் ஓங்கரிப்பும் மட்டுமே கேட்டுப் பழகிய சுவர் அது. சிரிப்பு அடங்கியதும் அவள் குரல் வந்தது.

“எக்கா, அதக் களையாண்டாம். அவிச்சுத் தாங்க. பசிக்குது.”