மோட்டார் லைனை நிறுத்திய நாள்

இன்று மத்தியானம் எங்கள் துணைமின் நிலையத்துக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தது. கிரிட்டில் மின்சாரம் போதவில்லை, கால் மணிக்குள் ஒரு லைனை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மாவட்டமே இருண்டுவிடும் என்றார்கள்.

ஆஸ்பத்திரி இருக்கும் லைனில் கை வைக்க முடியாது. வயல் மோட்டார்களுக்குப் போகும் லைனை நிறுத்தினேன்.

சாயங்காலம் சங்கராபுரம் பஸ்ஸில், காலில் சேறு காயாத ஒரு அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாதி கயனி நட்டுக்கினு இருக்கசொல்ல கரண்டு போச்சும்மா. புடுங்கி வெச்ச நாத்தெல்லாம் வெயில்ல வாடிப்போச்சு."

"நிறுத்தினது நான்தாங்க அக்கா" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வோணும்தான். நிறுத்த வாணான்னு சொல்லல. ஒரு போன் போட்டிருந்தா தொட்டியயாவது ரொப்பி, நாத்த அதுல போட்டிருப்போமே?"

போன் போட நேரம் இருந்தது. நம்பர்களை வாங்கி வைக்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

இறங்கும்போது அவருடைய நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த முறை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவேன்.

எங்கள் லைனில் மோட்டார் வைத்திருப்பவர்கள் நம்பரை இன்பாக்ஸில் அனுப்புங்கள். திட்ட நினைப்பவர்கள் இங்கே கீழேயே திட்டலாம்.