பிந்தி விழுந்த அடி

எண்பதுகளில் மலேசியாவின் ஈப்போ வட்டாரத்தில் கல்யாண வரவேற்போ கோயில் திருவிழாவோ எது நடந்தாலும் பெரும்பாலும் இராமசாமியின் இசைக்குழுதான் மேடையேறும். அந்தக் குழுவில் டோலக்கும் தபேலாவும் வாசித்தவன் பத்துமலை. தைப்பூசத்தன்று பிறந்ததால் பத்துமலை முருகனை நினைத்து வைத்த பேர் அது. பாடகர்கள் அவனை ‘மணிக்கூண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டு எங்கே தடுமாறினாலும் அவன் அடி இடம் மாறாது. பாடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்துக் கரையேறி விடுவார்கள்.

இராமசாமியும் அவனும் சிம்பாங் பூலாய்க்கு அந்தப் பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். பதின்மூன்று வயதில் பத்துமலைக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது, அவனைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டே பத்து காஜா நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் இராமசாமி. எழுபத்துநான்கில் தோட்டம் கைமாறி மரங்களை வெட்டத் தொடங்கியதும் இரண்டு குடும்பமும் ஒரே லாரியில் சாமான் ஏற்றிப் புந்தோங்குக்கு வந்து சேர்ந்தன. இராமசாமி படித்தவன், ஓர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஆனான். பத்துமலை லாரி பிரேக் பட்டறையில் சுத்தியல் பிடித்தான். இராமசாமி ஒன்று சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது.

எண்பத்தாறில் இராமசாமி குழுவுக்கு ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். கம்ப்யூட்டரைப் பக்கத்தில் பார்த்தவர்களே குறைவாக இருந்த காலம். டோலக்கின் சத்தத்தை மைக் வழியாக உள்ளே வாங்கி, எதிரொலி சேர்த்து, பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல ஸ்பீக்கரில் விடும். பேராக் மாநிலத்திலேயே நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது என்று இராமசாமி நோட்டீஸ் அடித்தான். ஆறே வாரத்தில் பத்து நிகழ்ச்சிக்கு ஆள் வந்து பேசிவிட்டுப் போனார்கள்.

முதல் நிகழ்ச்சியிலேயே வம்பு ஆரம்பித்தது. தாளம் பிந்துகிறது என்று பாடகி சொன்னாள். பத்துமலை நம்பவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் காது வைத்தால் தன் அடி தனக்கே பிந்தித்தான் கேட்டது. மேளச் சத்தமும் ஆட்களின் ஆரவாரமும் நிறைந்த மண்டபத்தில், தோலில் விழுந்த அடி பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காது. எல்லாருக்கும் கேட்டது ஸ்பீக்கர் சொன்னதுதான்.

ஒத்திகையில் இராமசாமி எல்லாருக்கும் முன்னால் சொன்னான், “மச்சான், பிந்துற லா. பட்டறையில சுத்தியல் அடிச்சு அடிச்சு கை மரத்துப்போச்சு போல.” குரலில் கோபம் இல்லை. பரிவு இருந்தது. அந்தப் பரிவுதான் பத்துமலையை நம்ப வைத்தது. கையைக் காட்ட இராமசாமியே மோட்டார்சைக்கிளில் டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் விரல் விரலாக அழுத்திப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அடுத்த வாரம் பத்துமலை பட்டறை முதலாளி தவுக்கேயிடம் கெஞ்சிச் சுத்தியல் வேலையை விட்டு, சாமான் எடுத்துக்கொடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டான். பன்னிரண்டு வருஷமாகச் செய்த வேலை.

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். பாட்டுக்குக் கொஞ்சம் முந்தி அடித்தான். ஸ்பீக்கரில் சரியாக வந்தது. மூன்று மாதத்தில் கை அதற்குப் பழகிவிட்டது. புந்தோங் கோயில் பஜனையில், மைக் எதுவும் இல்லாத இடத்தில், வழக்கம்போல் உட்கார்ந்து வாசித்தான். நாலு வரி போவதற்குள் பஜனைக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். அவன் தபேலாவைத் துணியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இனிமேல் தொடமாட்டேன் என்று மனைவி நவமணியிடம் சொன்னான்.

நவமணி ஈப்போவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகை சோதிக்கிறவள். ஏழு வருஷமாகக் கண்ணாடித் திரையில் ஓடும் பச்சைக் கோட்டைப் பார்த்துப் பழுது சொல்லும் வேலை. கம்ப்யூட்டர் வகுப்புக்கும் ஒரு வருஷம் போய் வந்திருந்தாள். அந்த வாரம்தான் கம்ப்யூட்டரின் கம்பி ஒன்று விட்டுப்போய், ஈயம் வைத்துக் கொடுக்கும்படி இராமசாமி அதை அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு அவள் கம்பியை ஒட்டினாள். சரியாகிவிட்டதா பார்க்க வேண்டும், ஒரே ஒரு அடி அடியுங்கள் என்று அவனை வற்புறுத்தினாள். அடித்தான். சின்ன வீடு, மண்டபமில்லை. தோலில் ஒரு அடி கேட்டது, பிறகு ஸ்பீக்கரில் அதே அடி இன்னொரு தரம் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தச் சந்து எவ்வளவு என்று அளக்க அவள் தொழிற்சாலைத் திரையைக் கொண்டுவர முடியாது. அளந்தவன் பத்துமலைதான். சீராக, விடாமல் அடித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினான். ஸ்பீக்கரின் பிந்திய அடி, அவனுடைய அடுத்த அடியின்மேல் சரியாக வந்து உட்காரும்வரை கூட்டினான். உட்கார்ந்ததும் தலையாட்டினான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து விநாடிக்கு எண்ணினாள். எழுபத்தெட்டு அடி. அப்படியானால் விநாடியில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடப் பிந்துகிறது.

பிறகு அவள் கம்ப்யூட்டரில் ஓடிய நிரலைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். மைக் வாங்கும் சத்தத்தை அது விநாடிக்கு எட்டாயிரம் துண்டாக்கி, ஆயிரத்து இருபத்துநான்கு துண்டு சேரும்வரை பிடித்து வைத்து, அப்புறம்தான் வெளியே விட்டது. வகுத்துப் பார்த்தால் அவன் கை சொன்ன அதே கணக்கு.

“நாலு பேர் ஏறினாத்தான் கிளம்புற டெக்சி மாதிரிங்க,” என்றாள். “நீங்க நேரத்துக்கு ஏறி உட்கார்ந்துட்டீங்க. வண்டிதான் ஆளுக்குக் காத்துக்கிட்டு நிக்குது.”

பத்துமலை பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

அந்த எண்ணைக் குறைத்தால் போதும் என்று அவள் முதலில் நினைத்தாள். அறுபத்துநான்காக்கினாள். சத்தம் தகரக்கூரையில் மழை பெய்ததுபோல் பொரிந்தது. சின்னச் சின்ன வண்டியாக அனுப்பினால் அனுப்புகிற வேலையே அதிகமாகி, கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டியது. நூற்று இருபத்தெட்டாக்கினாள், பொரிவது பாதி குறைந்தது. திரையில் சத்தத்தோடு ஏறி இறங்கும் அழகான கோடுகளுக்கே கம்ப்யூட்டர் பாதி நேரத்தைச் செலவழிக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த வரிகளை எடுத்துவிட்டாள். திரை கறுப்பாகிவிட்டது. பத்துமலை அடித்தான். ஒரு அடிதான் கேட்டது. இன்னும் பிந்தத்தான் செய்தது, ஆனால் முன்பு பிந்தியதில் எட்டில் ஒரு பங்கு, காதுக்குப் பிடிபடாத அளவு.

கோடுகளை எடுத்தது வேறு எதையும் கெடுக்குமா என்று கேட்க, மறுநாள் அவள் கம்ப்யூட்டர் விற்ற சீனக் கடைக்காரருக்குப் போன் செய்தாள். அவர் மலாயில் சாவகாசமாகப் பேசினார். கெடுக்காது என்றார். பிறகு, டிரம்முக்கு மாட்ட வேண்டாம், பிந்தும், புல்லாங்குழலுக்கு மட்டும் வைத்துக்கொள் என்று வாங்கிய அன்றைக்கே இராமசாமியிடம் சொன்னேனே என்றார். இரண்டாவது நிகழ்ச்சி முடிந்து அவனே வந்து கேட்டானாம். கம்ப்யூட்டரை மூன்று வாரம் கடையில் விட்டுவிட்டுப் போ, சரிசெய்து தருகிறேன் என்றாராம். மூன்று வாரம் முடியாது, இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிப் போய்விட்டானாம்.

நவமணி இதைச் சொன்னபோது பத்துமலை முதலில் கடைக்காரர்மேல்தான் கோபப்பட்டான். சீனன் தன் தப்பை மறைக்கப் பழி போடுகிறான் என்றான். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு இராமசாமி வீட்டுக்கு நடந்தான்.

இராமசாமி மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பத்துமலை பிற்பாடு பலமுறை நினைத்ததுண்டு.

“மிஷின் சரியில்லன்னு வெளிய தெரிஞ்சா பத்து ஷோவும் போயிரும், மச்சான். ஆளு சரியில்லன்னா யாரும் ஷோவ நிறுத்த மாட்டாங்க. வேற ஒருத்தன் மேல பழி சொன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிருவான். நீ போக மாட்டேன்னு எனக்குத் தெரியும் லா.”

“டாக்டர்கிட்ட என் பக்கத்துல உட்கார்ந்திருந்தியே, இராமசாமி,” என்றான் பத்துமலை. அவனை ‘மச்சான்’ சேர்க்காமல் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இராமசாமி தரையைப் பார்த்தான். காம்பார் நிகழ்ச்சி வருகிறது, அங்கே மேடையில் வைத்தே எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தான். பத்துமலை அதையும் நம்பினான்.

காம்பாரில் மண்டபம் நிறைந்த கூட்டம். நவமணி சரிசெய்த கம்ப்யூட்டர்தான் மேடையில் இருந்தது. கை முந்தி ஓடாதபடி முதல் இரண்டு பாட்டுக்குப் பத்துமலை பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தான். மூன்றாவது பாட்டில் கை அடங்கி வந்தது. பாடகி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பாட்டு முடிந்ததும் இராமசாமி மைக்கைப் பிடித்தான். நண்பன் பத்துமலைக்குக் கொஞ்ச நாளாகக் கை சரியில்லாமல் இருந்தது, விடாமல் பழக்கி இன்றைக்குப் பழையபடி கொண்டுவந்துவிட்டோம், எல்லாரும் கைதட்டுங்கள் என்றான். கூட்டம் தட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நவமணி மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

பத்துமலை நடுவில் எழுந்து போகவில்லை. மீதி ஒன்பது பாட்டையும் ஒரு அடி பிசகாமல் வாசித்துக் கொடுத்தான். முடிந்ததும் தன் டோலக்கைத் தானே தூக்கிக்கொண்டு, குழுவின் வேனில் ஏறாமல், நவமணியோடு ஈப்போ பஸ்ஸுக்கு நடந்தான்.

அந்த எண்ணைத் திரும்பவும் ஆயிரத்து இருபத்துநான்காக்கிவிட்டு வந்திருக்கலாம் என்று பஸ்ஸில் அவள் சொன்னாள். அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“வேணாம்,” என்றான். “அடுத்து அங்க உட்கார்றவன் கையும் கெட்டுப்போகும்.”

இராமசாமி அடுத்த மாதமே தைப்பிங்கிலிருந்து சன்னாசி என்ற ஆளைப் பிடித்தான். பத்துமலை ஒருநாள் லீவு போட்டுத் தைப்பிங் போய், கொட்டுகிற மழையில் சன்னாசியின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தான். அந்த எண்ணை யாராவது மாற்றினால் என்ன ஆகும், எப்படி அடித்துச் சோதிப்பது என்று தொடையில் தட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தான். இராமசாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சன்னாசி நன்றி சொன்னான், ஆனால் வேலை போன வயிற்றெரிச்சலில் கதை கட்டுகிறான் என்று பாதி சந்தேகப்பட்டதும் அவன் முகத்தில் தெரிந்தது.

தவுக்கே சுத்தியல் வேலையைத் திரும்பக் கொடுத்தார். முந்தி ஓடப் பழகிய கை, பல்லைக் கடிக்காமல் தானாகவே ஒழுங்குக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு பஜனைக்காரர்களே வீட்டுக்கு வந்து கூப்பிட்டார்கள், போனான். நவமணியைத் தொழிற்சாலையில் சோதனைப் பகுதிக்கு மேற்பார்வையாளர் ஆக்கினார்கள்.

எண்பத்தொன்பது தீபாவளிக்கு இராமசாமி பலகாரத் தட்டோடு வந்தான். நவமணி தட்டை வாங்கி வைத்தாள், காப்பி கொடுத்தாள். இரண்டு பேரும் மழையைப் பற்றியும், தோட்டம் இருந்த இடத்தில் எழும்பிய வீடுகளைப் பற்றியும் பேசினார்கள். குழுவுக்குத் திரும்பி வரக்கூடாதா என்று கிளம்பும்போது இராமசாமி கேட்டான். வேலை இருக்கு லா என்றான் பத்துமலை. வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தான். மறு தீபாவளிக்கு இராமசாமி வரவில்லை. பத்துமலையும் ஏன் என்று யாரிடமும் விசாரிக்கவில்லை.