மார்கழி வாசலும் வைக்கோல் பெட்டியும்

மதுரைக்கு வந்து இத்தனை காலமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, கதவைத் திறந்தால் நேரே தெருவில் நிற்பது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கும் ஒழுங்கை என்கிற சந்துக்கும் நடுவே, தென்னோலை பின்னிய ஆளுயரக் கிடுகுவேலி. வெளியே போகிறவர் யாரென்று இருமலை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். இங்கே சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். முகம் கழுவாமல் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா, "என்னத்தா, நேத்து மீன் கொழம்பா? வாசம் தூக்குச்சே" என்று கேட்பாள். எனக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. என் வீட்டு மீன் குழம்பில் இவளுக்கு என்ன அக்கறை, இன்று குழம்பைக் கேட்பவள் நாளை எதைக் கேட்பாள் என்று அன்று பூராவும் யோசித்துக்கொண்டே இருப்பேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். என்னைப்போலக் கடல் தாண்டி வந்தவர்களுக்குப் புரியும்.

என் கணவருக்கு இங்குள்ள நூலாலையில் இயந்திரப் பகுதியில் வேலை கிடைத்ததால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் வந்து சேர்ந்தோம். மகள் எஸ்தருக்கு அப்போது நான்கு வயது. ஆலைக்குக் கிட்டத்தில் கிடைத்த வீடு, கிறிஸ்தவக் குடும்பம் வேறொன்றும் இல்லாத தெருவில் இருந்தது. வந்த அன்றே நான் ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன். என் மகளை இந்தத் தெரு என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. கோயில் மேளமும் தேரும் திருவிழாவுமாக ஊரே ஒரு பக்கம் இழுக்கிறபோது, வேதத்தின் பக்கம் இழுக்க எங்கள் வீட்டுக்குள் நான் ஒருத்தி. அவள் வளர வளர அந்தப் பயமும் வளர்ந்தது. வீட்டுக்குள் எங்கள் ஊர்ப் பேச்சில் "ஓம் அம்மா" என்பவள், வாசற்படியைத் தாண்டியதும் "ஆமாக்கா, இந்தா வாரேன்" என்று கத்துவாள். ஒரே வாயில் இரண்டு ஊர் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே என் தகப்பன் வீட்டு வழக்கம் ஒன்றைக்கூட விடாமல் பிடித்துக்கொண்டேன். சிலுவைப்பாடுகளின் நாட்களில் சீனியில்லாத தேநீர், உயிர்த்த ஞாயிறன்று விடிய முன் எழும்பிப் பாட்டு, அறுவடைப் பண்டிகைக்குக் கொல்லையில் விளைந்த ஒரு காயாவது. எல்லாவற்றிலும் எஸ்தருக்குப் பிடித்தது வைக்கோல் பெட்டி. இங்கே கிறிஸ்மஸ் என்பதை நாங்கள் நத்தார் என்போம். நத்தாருக்கு முந்தின வாரங்களில் ஒரு சின்ன மரப்பெட்டியை வெறுமையாக வைப்போம். பிள்ளைகள் ஒரு நன்மை செய்தால் ஒரு வைக்கோல் உள்ளே போடலாம். பாலன் இயேசு பிறக்கும்போது படுக்கை மெத்தென்று இருக்க வேண்டும் அல்லவா? இதற்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. செய்த நன்மை என்னவென்று செய்தவர் சொல்லவும் கூடாது, மற்றவர் கேட்கவும் கூடாது. என் சிறுவயதில் டிசம்பர் மழையில் வைக்கோல் எல்லாம் நனைந்துபோக, அப்பா அதை அடுப்படியில் உலர்த்திக் கொடுப்பார். மதுரையில் அந்தக் கவலை இல்லை. பேச்சியம்மா வீட்டில் வண்டிமாடுகள் இருந்தன. கொல்லையில் ஒரு வைக்கோற்போரே இருந்தது.

எஸ்தருக்கு ஒன்பது வயதான அந்த மார்கழியில், ஒரு காலை கதவைத் திறந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். என் வாசலில் கோலம். எங்கள் ஊர்ச் சைவ வீடுகளில் பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் போடுவார்கள், தினமும் போடும் வழக்கம் இல்லை. வேதக்கார வீட்டு வாசலில் போடுவதென்பது கேள்விப்படாத விஷயம். யாரோ எங்களைக் குறிவைத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றியது. செய்வினையா? இல்லை, இதுவும் எங்கள் வீடுதான் என்று தெரு எழுதிவைத்த அடையாளமா? யாரும் பார்க்குமுன் தண்ணீரை ஊற்றி விளக்குமாற்றால் தேய்த்துவிட்டேன். மறுநாளும் கோலம் இருந்தது. அதற்கு மறுநாளும். நான் பின்கட்டில் அடுப்பு மூட்டி, கிணற்றில் இறைத்து, கணவருக்குச் சாப்பாடு கட்டி அனுப்பிவிட்டு முன்னால் வருவதற்குள் அது வந்து உட்கார்ந்திருக்கும்.

என் சந்தேகம் நேரே பேச்சியம்மா மேல் போனது. நாட்டுப்புறத்திலிருந்து வந்த சம்சாரி, அதாவது விவசாயக் குடும்பம். பட்டணத்தில் வண்டி ஓட்டிப் பிழைத்தார்கள். அவளுடைய மகள் செல்லம்மா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். போன வருடம் ஒன்று வயிற்றிலேயே கலைந்துவிட்டதாம்; இந்த முறை அவளைப் பூப்போல வைத்திருந்தார்கள்.

"ஏன் எங்கட வாசலிலை கோலம் போடுறியள்? எங்களுக்கு இது கூடாது எண்டு தெரியாதே?" என்று பேச்சியம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "நான் எதுக்குத்தா ஒங்க வாசல்ல போடப்போறேன்? எனக்கு வேற சோலி இல்லையா? யாரு போட்டாகளோ, நல்ல மனசுல போட்டிருக்காக. அதைப் போயி வெளக்கமாத்தால அழிக்கிறீகளே! மார்கழி மாசம் வெறும் வாசலாக் கெடந்தா எழவு வீடுன்னு அர்த்தம். வயித்துப்பிள்ளைக்காரி கண்ணு முழிச்சதும் அதுலயா முழிக்கணும்? அம்புட்டுப் பயந்து கெடக்கா எம்மக."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு காரணம் தெரிந்தவள் போடாமல் வேறு யார் போட்டிருப்பார்கள்? அதோடு, எங்கள் வீட்டைப் பார்த்தால் சாவு வீடு போலிருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாளே என்ற கோபம் வேறு.

அதே நாட்களில் இன்னொரு சந்தேகமும் முளைத்தது. வைக்கோல் பெட்டி வழக்கத்தைவிட வேகமாக நிரம்பிக்கொண்டு வந்தது. எஸ்தர் நல்ல பிள்ளைதான். ஆனாலும் இம்புட்டு நன்மையை எங்கே போய்ச் செய்கிறாள்? (பார்த்தீர்களா, இம்புட்டு என்று என் பேனாவிலேயே வந்துவிட்டது.) செய்யாத நன்மைக்கு வைக்கோல் போட்டுப் பாலனையே ஏமாற்றுகிறாளோ என்று யோசித்தேன். கேட்கலாமென்றால் என் தகப்பன் வைத்த சட்டம் என் வாயைக் கட்டிப்போட்டது. கணவரிடம் சொன்னேன். "உமக்குக் கர்த்தர்மேலேயே சந்தேகம் வரும். பிள்ளையை விடும்" என்றார்.

நான் விடவில்லை. மறுநாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுச் சத்தம்போடாமல் முன்னால் வந்து கதவிடுக்கில் நின்றேன். எஸ்தர் வாசலில் குந்தியிருந்தாள். கையில் தேங்காய்ச் சிரட்டை, அதில் மாவு. பக்கத்துப் படியில் செல்லம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "அந்தப் பக்கம் இன்னொரு புள்ளி வையி, கண்ணு" என்றாள். எஸ்தரின் வாய் முணுமுணுத்தது. மந்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், அவள் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

உள்ளே இழுத்துவந்து கதவைச் சாத்தினேன். அவள் அழவில்லை.

"செல்லம்மாக்கா பயப்பிடுறா அம்மா. எங்கட வாசல் வெறுமையாக் கிடந்தா அவவுக்கு நெஞ்சு படபடக்குதாம். நான் ஒண்டையும் கும்பிடேல்லை. கோலம் மட்டும்தான் போட்டனான். ஒருநாள் போட்டா நாலு நாள் கிடக்கும் எண்டு அக்கா சொன்னவ. நீங்கள் அழிக்கிறியள், அதாலை ஒவ்வொருநாளும் போடவேண்டிக் கிடக்கு."

"அதுக்குத்தான் வைக்கோலோ?"

"ஓம். ஆனா நீங்கள் கேக்கக்கூடாது."

அவளை வேதத்தில் வளர்க்க நான் கட்டிக்காத்த வழக்கமே அவளை விடியற்காலையில் எழுப்பிக் கோலம் போட வைத்திருக்கிறது. இதற்கு அடிப்பதா, முத்தமிடுவதா? யாரிடம் போய்க் கேட்பது? எஸ்தர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று நான் கோலத்தை அழிக்கவில்லை.

அன்று பார்த்துச் சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். முதலில் வந்தவர் போதகர். சைக்கிளை நிறுத்தியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நல்ல மனிதர், கோபத்தில் கத்துகிறவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"என்னம்மா இது? யாழ்ப்பாணத்துல மூணு தலைமுறையா வேதத்துல இருக்க குடும்பம்னு சபையில ஒங்களத்தான் பெருமையாச் சொல்லிக்கிட்டிருக்கேன். இது யாரு போட்டது?"

எஸ்தர் ஓரடி முன்னால் வைத்தாள். சொல்லப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. பொய் சொல்லப் பழகாத பிள்ளை. அவள் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. ஞாயிறு வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அவளை நிறுத்தி, நீ செய்தது பாவம் என்று சொல்வார்கள். இயேசுவுக்காக ஒரு நன்மை செய்தேன் என்று நம்பியிருக்கிற பிள்ளையிடம் அதைச் சொன்னால், பிறகு அவள் எந்த முகத்தோடு ஜெபம் பண்ணுவாள்? தெரு அவளை எடுத்துக்கொள்ளும் என்று இத்தனை வருடம் பயந்தேன். எங்கள் சபைக் கோயிலின் கதவே அவளை வெளியே தள்ளிவிடும் என்று நான் நினைத்ததே இல்லை.

"நான்தான் போட்டன், ஐயா" என்றேன்.

போதகர் கோலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "எழுமலைப் பக்கத்துல இருந்து இந்த வருசம் வேதத்துக்கு வந்தாகளே, அந்தக் குடும்பத்துப் பொம்பளைகிட்ட கோலத்தை விட்டுரும்மான்னு நானேதான் சொன்னேன். அந்தம்மா அழுதுக்கிட்டே விட்டுச்சு. அவுகளுக்கு ஒரு நியாயம், ஒங்களுக்கு ஒரு நியாயமா? கிறிஸ்மஸ் அன்னைக்குக் கர்த்தருடைய பந்தியில நீங்க அப்பம் எடுக்க வேண்டாம். பெறகு பேசிக்குவோம்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. எல்லாரும் போன பிறகு கணவர், "பொய் சொல்லிப்போட்டீர்" என்றார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எஸ்தர் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் செய்தது பிழையே?" என்றாள்.

"இல்லை" என்றேன். வாழ்க்கையில் சந்தேகமே இல்லாமல் நான் சொன்ன சொற்களில் அது ஒன்று.

மறுநாள் விடியலில் சிரட்டையை நானே எடுத்துக்கொண்டு வாசலில் குந்தினேன். சொன்னது பொய்யாகக் கிடக்கக் கூடாதே. நான் இழுத்த கோடு நாலா பக்கமும் வளைந்து ஓடியது. செல்லம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரிக்காதே, வலி வந்துவிடும் என்று அவள் தாய் அதட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்பத்தான்த்தா எங்க தெருக்காரியா ஆயிருக்கீக" என்றாள். அன்போடுதான் சொன்னாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. இதற்காகத்தானே இத்தனையும் செய்தாள் என்று பழைய சந்தேகம் ஒரு கணம் தலைதூக்கியது. நான் உங்கள் தெருக்காரி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கை மாவாக இருந்தது, சொல்லவில்லை.

நத்தார் காலை. கோயில் நிறைந்திருந்தது. எஸ்தர் முன்வரிசையில் பிள்ளைகளோடு இருந்தாள். பாடும்போதெல்லாம் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள். பாட்டு முடிந்து, இயேசுவின் நினைவாகச் சபையார் பகிர்ந்து உண்ணும் அப்பத் தட்டு கைக்குக் கை மாறி வந்தது. என்னிடம் வந்தபோது வாங்கினேன். புத்தி தெரிந்து பந்தியில் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட நான் எடுக்காமல் விட்டதில்லை. ரொட்டியின் வாசம் மூக்கில் ஏறியது. அடக்கமாட்டாமல் கண்ணீர் வந்தது. எடுக்காமல், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் தட்டைக் கொடுத்தேன். அவள் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். எழுமலைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவள், போதகர் சொன்ன அதே பெண்.

தட்டு நகர்ந்ததும் அவள் என் காதருகே குனிந்தாள். "நீங்க வாசல்ல கோலம் போட்டீகளாமே?"

வந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் அழுதுகொண்டே கைவிட்ட கோலத்தை நான் சொகுசாகப் போட்டேன் என்று கேட்கப்போகிறாள். கேட்கட்டும், கேட்க அவளுக்கு உரிமை உண்டு. தலையைக் குனிந்துகொண்டு, "ஓம்" என்றேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னும் கிட்ட வந்தாள்.

"எத்தன புள்ளி?" என்றாள்.

வேவு பார்க்கிறாளோ என்று அவளை ஏற இறங்கப் பார்த்தேன். அவளுடைய இடது கையில் அப்பத்துண்டு, எல்லாரோடும் சேர்ந்து வாயில் போடக் காத்திருந்தது. வலது கையின் விரல், அவளுக்கே தெரியாமல், மடிச்சேலைமேல் வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது.